மயக்க ஊசிதான் போடுறாங்களே, தொண்டைக்கு ஸ்பிரே எதுக்கு? எண்டோஸ்கோபிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'குழாய் விட்டுப் பார்த்துடலாம்' என்று டாக்டர் சொன்னதும் பலருக்கு வயிற்று வலி மறந்து தொண்டைப் பயம் தொடங்கிவிடுகிறது. "மூச்சு முட்டுமா?", "நடுவுல வாந்தி வந்துட்டா என்ன பண்றது?", "முழுசா மயக்கம் குடுத்துடுங்க டாக்டர்" என்பதுதான் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது. இந்தப் பயத்தாலேயே பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கேஸ் மாத்திரையிலும் ஆன்டாசிட் சிரப்பிலும் காலத்தை ஓட்டுபவர்களும் உண்டு.

சரி, மயக்க ஊசி போட்டுத்தான் செய்யப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனால், அங்கே ஒரு செவிலியர் வந்து "வாயை நல்லா திறங்க, ஆ சொல்லுங்க" என்று தொண்டைக்குள் கசப்பாக ஒரு ஸ்பிரே அடிக்கிறார். உடனே அடுத்த சந்தேகம் வருகிறது. தூங்கத்தானே போகிறோம், அப்புறம் தொண்டையை வேறு எதற்கு மரத்துப்போகச் செய்ய வேண்டும்?

மருத்துவர்கள் மத்தியிலும் இது பல ஆண்டுகளாக விவாதிக்கப்படும் கேள்விதான். சுருக்கமான பதில் இது: ஊசியும் ஸ்பிரேயும் ஒரே வேலையைச் செய்வதில்லை. லேசான மயக்கத்தில் ஸ்பிரே நன்றாகவே உதவுகிறது. மயக்கம் ஆழமாக ஆக, அதன் பலன் குறைகிறது. ஆனால் எந்த மயக்கமாக இருந்தாலும், தொண்டை மரத்துப்போயிருக்கும் நேரத்தில் நோயாளியும் உடன் வந்தவரும் சில விஷயங்களில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். விரிவாகப் பார்ப்போம்.

எண்டோஸ்கோபியில் என்ன செய்கிறார்கள்?

முனையில் கேமராவும் விளக்கும் உள்ள, வளையக்கூடிய ஒரு குழாயை வாய் வழியாக உள்ளே செலுத்தி உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கப் பகுதி ஆகியவற்றைப் பார்ப்பதுதான் மேல் எண்டோஸ்கோபி. வழக்கமான குழாயின் தடிமன் சுமார் 9 முதல் 10 மில்லிமீட்டர். நம் சுண்டு விரலைவிடக் குறைவு. பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்களில் முடிந்துவிடும். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது, ரத்தக்கசிவை நிறுத்துவது போன்ற வேலைகள் இருந்தால் நேரம் கூடும்.

நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். குழாயைக் கடித்துவிடாமல் இருக்கப் பற்களுக்கிடையே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். குழாய் போவது உணவு போகும் பாதையில். காற்று போகும் மூச்சுக்குழாய் தனி. குழாய் உள்ளே இருக்கும்போதும் மூக்கு வழியாக மூச்சு விட முடியும்.

தொண்டை ஏன் இவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது?

காலையில் நாக்கு வழிக்கும்போது சற்று உள்ளே போய்விட்டால் 'உவ்வே' என்று ஓங்கரிக்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. நாக்கின் அடிப்பகுதி, உள்நாக்கைச் சுற்றிய இடம், தொண்டையின் பின்சுவர் ஆகியவற்றில் ஏதாவது பட்டால், அந்தச் செய்தி 9-ஆவது மூளை நரம்பு வழியாக மூளைத் தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து பெரும்பாலும் 10-ஆவது நரம்பு வழியாக உத்தரவு திரும்பி வந்து தொண்டைத் தசைகள் சட்டென்று இறுகுகின்றன. நாம் யோசித்து முடிவெடுக்க இதில் நேரமே இல்லை. தானாக நடப்பது.

இது நம்மைக் காப்பாற்றுவதற்காகவே உடலில் உள்ள ஏற்பாடு. தவறான பொருள் தொண்டைக்குள் போய்விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் எண்டோஸ்கோபி நேரத்தில் இதே காவல்தான் தொல்லையாகிறது. ஓங்கரிக்கும்போது வயிறு இறுகி, உள்ளே செலுத்திய காற்று ஏப்பமாக வெளியேறிவிடுகிறது. இரைப்பையின் மடிப்புகள் விரியாமல் மூடிக்கொள்கின்றன. சிறிய புண்ணோ, ஆரம்ப நிலைப் புற்றோ அந்த மடிப்புக்குள் மறைந்திருந்தால் கண்ணில் படாமல் போகலாம். அதனால் ஓங்கரிப்பைக் குறைப்பது நோயாளியின் வசதிக்காக மட்டும் செய்யப்படும் காரியம் இல்லை. பரிசோதனை சரியாக நடப்பதற்கும் அது தேவை.

எல்லாருக்கும் இது ஒரே மாதிரி இருப்பதில்லை. பொதுவாக இளம் வயதினருக்கும், அதிகப் பதற்றத்தோடு வருபவர்களுக்கும் ஓங்கரிப்பு கூடுதலாக இருக்கும். வயதானவர்கள் பலர் அவ்வளவு சிரமமின்றிச் சமாளித்துவிடுகிறார்கள்.

அந்த ஸ்பிரேயில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது லிக்னோகெயின். வேறு நாடுகளில் இதையே லிடோகெயின் என்கிறார்கள். சைலோகெயின் என்ற வணிகப் பெயர் பலருக்கும் பழக்கமானது. பல் பிடுங்கும்போதும், தையல் போடும்போதும் ஊசியாகப் போடப்படும் அதே மருந்துதான். தொண்டைக்கு 10% ஸ்பிரேயாகவோ, வாயில் வைத்துக் கொப்பளிக்கும் கெட்டியான 2% திரவமாகவோ தருவார்கள். சில நாடுகளில் சப்பும் மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

நரம்பில் செய்தி போவது ஒருவகை மின் அலையாக. சோடியம் அயனிகள் நரம்புக்குள் நுழையும்போதுதான் அந்த அலை நகரும். லிக்னோகெயின் அந்த நுழைவாயில்களைத் தற்காலிகமாக அடைத்துவிடுகிறது. தொண்டையில் குழாய் பட்டாலும், பட்ட செய்தி மூளைத் தண்டுக்குப் போவதில்லை. அல்லது மிகக் குறைவாகப் போகிறது. அடித்து ஒன்றிரண்டு நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும். நன்றாக மரத்திருக்கும் நேரம் சுமார் 10 முதல் 15 நிமிடங்கள்தான் என்றாலும், தொண்டையின் உணர்வு முழுமையாகத் திரும்ப அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மருந்து பட்ட இடம் மட்டும்தான் மரக்கும். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிக்கும் வயிற்றுக்கும் ஸ்பிரேயால் பயன் இல்லை. காற்று செலுத்தும்போது வரும் வயிற்று உப்புசத்தையோ, மனப் பதற்றத்தையோ அது குறைக்காது.

ஸ்பிரே அடித்ததும் பலர் பயந்துபோவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. "டாக்டர், எச்சில்கூட முழுங்க முடியல... தொண்டை அடைச்சுக்கிச்சு" என்பார்கள். உண்மையில் தொண்டை அடைக்கவில்லை. விழுங்குவது நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதடு வீங்கிவிட்டது போலத் தோன்றுமே, கண்ணாடியில் பார்த்தால் வீக்கம் இருக்காதே, அது மாதிரி. மூச்சு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். மூக்கால் மெதுவாக இழுத்து விட்டால் பதற்றம் தணியும்.

இந்த மருந்து எப்படி வந்தது?

1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கோகெயின் கரைசலைக் கண்ணில் விட்டு வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று காட்டினார். தொண்டை மருத்துவர்களும் உடனே அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கோகெயினில் அடிமைத்தனமும் நச்சுத்தன்மையும் இருந்ததால் மாற்று தேவைப்பட்டது. 1943-இல் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெயினை உருவாக்கினார். அவருடைய சக ஆய்வாளர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடலிலேயே செலுத்திச் சோதித்துப் பார்த்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது.

வளையும் எண்டோஸ்கோபி குழாயை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸும் அப்படித்தான். 1957-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், நோயாளிக்கு விடுவதற்கு முன் அந்தக் குழாயைத் தானே விழுங்கிப் பார்த்தார். அதுவும் தொண்டையை மரக்கச் செய்யாமலேயே. தொண்டை எவ்வளவு எதிர்ப்புக் காட்டியது என்பதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

மயக்க ஊசி வேறு என்ன செய்கிறது?

'மயக்கம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் அதற்குப் படிகள் உண்டு.

முதல் வகை, மிதமான மயக்கம். மிடாசோலம் போன்ற மருந்தைத் தனியாகவோ, ஃபென்டானில் போன்ற வலி மருந்தோடு சேர்த்தோ கையில் உள்ள நரம்பு ஊசி வழியாகக் கொடுப்பார்கள். நோயாளி அரைத் தூக்கத்தில் இருப்பார். கூப்பிட்டால் பதில் சொல்வார், 'முழுங்குங்க' என்றால் முயற்சி செய்வார். ஆனால் பிறகு கேட்டால் பலருக்கு எதுவும் நினைவிருக்காது. மிடாசோலம் நினைவு பதிவதையே தடுக்கும் மருந்து.

இரண்டாவது வகை, ஆழ்ந்த மயக்கம். பால் போல வெள்ளையாக இருக்கும் ப்ரொபோஃபால் இதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. சில நொடிகளில் தூக்கம் வந்துவிடும், நிறுத்தினால் சில நிமிடங்களில் விழிப்பும் வந்துவிடும். மிடாசோலத்துக்கும் ஃபென்டானிலுக்கும் முறிவு மருந்துகள் இருக்கின்றன. ப்ரொபோஃபாலுக்கு அப்படி இல்லை. அளவு கூடினால் மூச்சு தணிந்துவிடும். அதனால்தான் இதைக் கொடுக்கும்போது பொதுவாக மயக்கவியல் மருத்துவர் உடனிருப்பார்.

ஊசி வேலை செய்வது மூளையில், ஸ்பிரே வேலை செய்வது தொண்டையின் மேற்பரப்பில். மிதமான மயக்கத்தில் இருப்பவரின் பதற்றம் போய்விடும். ஆனால் குழாய் தொண்டையில் பட்டால் அவர் ஓங்கரிப்பார். தூக்கத்தில் இருப்பவரைக் கொசு கடித்தால் கை தானாகப் போவது போல. தொண்டை மரத்திருந்தால் அந்த எதிர்ப்பு குறையும்.

அப்போ இரண்டுமே தேவையா? ஆய்வுகள் சொல்வது என்ன?

இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய தொகுப்பாய்வு ஒன்று 2006-இல் அமெரிக்காவில் வெளியானது. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தொண்டை மரப்பு மருந்தும் கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட 5 ஆய்வுகளை அது ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மொத்தம் 491 நோயாளிகள்.

முடிவு ஸ்பிரேக்குச் சாதகமாகவே இருந்தது. தொண்டை மரத்திருந்தவர்களில் 'தொந்தரவே இல்லை' அல்லது 'கொஞ்சம்தான்' என்று சொன்னவர்கள் அதிகம். 'குழாய் விடுவது சிரமமாக இல்லை' என்று சொன்ன மருத்துவர்களும் அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, நோயாளிகள் உணர்ந்த வித்தியாசத்தைவிட மருத்துவர்கள் உணர்ந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது.

அது ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. மயக்க மருந்து வாங்கியவரிடம் பிறகு போய் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், அவர் சொல்வது அவருக்கு நினைவிருப்பதை மட்டும்தான். நடுவில் பத்து தடவை ஓங்கரித்திருந்தாலும், 'எனக்கு ஒண்ணுமே தெரியலையே' என்று சொல்லலாம். பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்திருந்தவருக்குத்தான் உண்மை தெரியும்.

ஆனால் அந்தத் தொகுப்பாய்வு வந்த பிறகு நடைமுறை மாறிவிட்டது. ப்ரொபோஃபால் பரவலானது. ஆழ்ந்த தூக்கத்தில் தொண்டையின் எதிர்ப்பே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவே ப்ரொபோஃபாலோடு ஸ்பிரேயைச் சேர்த்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் சாதகம் அவ்வளவு தெளிவாக இல்லை. ஓங்கரிப்பு ஓரளவு குறைகிறது என்று கண்டவர்கள் உண்டு. நோயாளியின் திருப்தியில் பெரிய மாற்றம் தெரியாமல் போனதும் உண்டு.

ஆக, 'கட்டாயம் வேண்டும்' என்றோ, 'தேவையே இல்லை' என்றோ ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. மிடாசோலம் போன்ற மிதமான மயக்கம் என்றால் ஸ்பிரேக்கு நல்ல காரணம் இருக்கிறது. ப்ரொபோஃபால் கொடுத்துச் செய்யும் சிறிய பரிசோதனை என்றால், ஸ்பிரே இல்லாமலும் பல மையங்களில் செய்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. பித்தநாளக் கல் எடுப்பது போல, தடிமனான குழாயைக் கொண்டு நீண்ட நேரம் செய்யும் சிகிச்சை என்றால் கணக்கு மறுபடியும் மாறும். உங்களுக்கு ஸ்பிரே அடிக்கவில்லை என்பதால் ஏதோ விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

புரை ஏறும் ஆபத்து

ஸ்பிரே அடிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே, அடித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். இங்கேதான் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

சாப்பிடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் புரை ஏறி இருமுகிறோம். அந்த இருமல்தான் நுரையீரலைக் காப்பாற்றுகிறது. தொண்டை மரத்திருக்கும்போது எச்சிலோ, வயிற்றிலிருந்து மேலேறும் திரவமோ தவறான வழியில் போனால் அது தொண்டைக்குத் தெரியாது. கூடவே மயக்க மருந்தும் உள்ளே இருந்தால் இருமும் வேகமும் குறைந்திருக்கும். சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் திரவம் போய், பிறகு நிமோனியாவாக மாறும் ஆபத்து உண்டு.

இங்கிலாந்தின் 2 மண்டலங்களில் உள்ள மருத்துவமனைகளில் நடந்த 14,149 மேல் எண்டோஸ்கோபிகளை ஆராய்ந்த தணிக்கை ஒன்று 1995-இல் வெளியானது. தொண்டை மரப்பு ஸ்பிரே பயன்பாட்டுக்கும், பரிசோதனைக்குப் பின் வந்த நிமோனியாவுக்கும் தொடர்பு இருப்பதை அது சுட்டிக்காட்டியது. அதே தணிக்கை, மயக்க மருந்தை அதிக அளவில் கொடுத்ததும், நோயாளியைச் சரிவரக் கண்காணிக்காததும் பாதிப்புகளோடு வலுவாகத் தொடர்புடையவை என்றும் சொன்னது.

தொடர்பு இருக்கிறது என்பதாலேயே ஸ்பிரேதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை மாட்டுவது, எச்சிலை அவ்வப்போது உறிஞ்சி எடுப்பது, மூக்கில் ஆக்சிஜன் கொடுப்பது எல்லாம் இன்று வழக்கமாகிவிட்டன. ஆனால் அந்தத் தணிக்கை சொன்ன அடிப்படை எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும். ரத்த வாந்தியோடு வருபவர், வயிறு காலியாகாதவர், பக்கவாதத்தால் ஏற்கெனவே விழுங்கச் சிரமப்படுபவர் போன்றோருக்குத் தொண்டையை மரக்கச் செய்யலாமா என்பதை மருத்துவர்கள் கூடுதல் யோசனையோடுதான் முடிவு செய்வார்கள்.

வெறும் வயிற்றில் வரச் சொல்வதன் காரணமும் இதுதான். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிவான திரவத்துக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்பார்கள். உங்கள் மருத்துவமனை கூடுதல் நேரம் சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். 'ரெண்டு இட்லிதானே', 'பால் காபிதானே' என்று காலையில் சாப்பிட்டுவிட்டு, அதைச் சொல்லாமல் மேசையில் ஏறிப் படுப்பதுதான் பெரிய ஆபத்து. காபியில் பால் சேர்ந்துவிட்டால் அது தெளிவான திரவம் இல்லை. சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். அதிகபட்சம் டோக்கன் பின்னுக்குப் போகும், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

'இன்னும் ரெண்டு தடவ அடிங்க' என்று கேட்கலாமா?

வேண்டாம். 10% ஸ்பிரேயில் ஒரு அழுத்தத்துக்கு சுமார் 10 மில்லிகிராம் மருந்து வெளிவரும். தொண்டையின் ஈரமான தோல் வழியாக அது ரத்தத்திலும் கலக்கும். மருந்துக் குறிப்புகளில் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், மொத்தத்தில் 300 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 225 மில்லிகிராம். எண்டோஸ்கோபிக்கு வழக்கமாக அடிக்கும் சில அழுத்தங்கள் இதைவிட மிகக் குறைவு என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முதியவர்கள், எடை குறைந்தவர்கள், கல்லீரல் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்கள் விஷயத்தில் அளவைக் குறைத்தே வைப்பார்கள். லிக்னோகெயினை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான்.

மருந்து ரத்தத்தில் அதிகமாகிவிட்டால் வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல் போன்றவை முதலில் வரலாம். அதற்கும் மேலே போனால் வலிப்பும், இதயத் துடிப்பில் சிக்கலும் வரக்கூடும். தூங்கிவிட்ட நோயாளியால் இந்த முதல் அறிகுறிகளைச் சொல்ல முடியாது. ஸ்பிரேயை முதலில் அடித்துவிட்டு, ஊசியைப் பிறகு போடுவதில் இந்த வசதியும் இருக்கிறது. வாயைத் திறந்து ஒத்துழைக்கவும், அடித்ததும் வரும் இருமலைச் சமாளிக்கவும் நோயாளி விழித்திருப்பதே நல்லது.

அமெரிக்காவில் ஏன் ஒரு ஸ்பிரேக்கு எச்சரிக்கை வந்தது?

இணையத்தில் தேடினால் 'தொண்டை ஸ்பிரேயால் ரத்தம் நிறம் மாறியது' என்ற மாதிரியான செய்திகள் கண்ணில் படலாம். அவை பெரும்பாலும் பென்சோகெயின் என்ற வேறொரு மருந்தைப் பற்றியவை. அமெரிக்காவில் அது தொண்டை ஸ்பிரேயாகப் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. அரிதாகச் சிலருக்கு அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. மெத்ஹீமோகுளோபினீமியா என்பது இதன் பெயர். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் தெரியும். விரல் கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கும், ஆக்சிஜன் கொடுத்தும் ஏறாது. சரியாகக் கண்டுபிடித்தால் மெத்திலீன் ப்ளூ என்ற ஊசியால் சரிசெய்துவிடலாம்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இதுகுறித்து 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் எச்சரித்தது. அந்நாட்டின் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் 2006-இல் இந்த ஸ்பிரேயை நிறுத்த முடிவு செய்தன. லிக்னோகெயினால் இந்தப் பிரச்சினை வருவது மிக மிக அரிது. இருந்தாலும் ஜி6பிடி குறைபாடு இருப்பதாக உங்களிடமோ, குடும்பத்தில் யாரிடமோ முன்பு சொல்லியிருந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பது நல்லது. அவர்களுக்கு மெத்திலீன் ப்ளூ கொடுப்பதில் சிக்கல் உண்டு.

ஸ்பிரே மட்டும் போதுமா?

இந்தியாவில் பல மருத்துவமனைகளில் சாதாரண மேல் எண்டோஸ்கோபியை மயக்கமே இல்லாமல், ஸ்பிரே மட்டும் அடித்துச் செய்வது வழக்கம்தான். செலவு குறைவு. முடிந்ததும் டாக்டர் சொல்வது தெளிவாக மண்டையில் ஏறும். அன்றைக்கே வண்டி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம். மயக்க மருந்தால் மூச்சு தணியும் ஆபத்தும் இல்லை. கடுமையான நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை உள்ளவர்களுக்கு மருத்துவரே இதைப் பரிந்துரைக்கலாம்.

சிரமம் இருக்காதா என்றால், இருக்கும். ஆனால் பெரும்பாலும் குழாய் தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிகள்தான் கடினம். தாடையை நெஞ்சை நோக்கிச் சற்றுத் தாழ்த்தி, மூக்கால் மூச்சு விட்டு, வாயில் ஊறும் எச்சிலை விழுங்க முயலாமல் வழிய விட்டுவிட்டால் பாதிச் சிரமம் குறையும். எச்சில் வழிவதற்கு வெட்கப்பட வேண்டாம். அதற்காகத்தான் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கீழே துணி போட்டிருக்கிறார்கள்.

முன்பு ஒருமுறை முயன்று முடியாமல் போனவர்கள், பல் துலக்கும்போதே ஓங்கரிப்பவர்கள், கடும் பதற்றம் உள்ளவர்கள் தயங்காமல் மயக்கம் கேட்கலாம். மூக்கு வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாய் சில மையங்களில் இருக்கிறது. அது நாக்கின் அடிப்பகுதியில் உரசாமல் போவதால் ஓங்கரிப்பு குறைவு.

பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

- மரப்பு ஊசிக்கு, குறிப்பாகப் பல் மருத்துவரிடம், முன்பு ஒவ்வாமை வந்ததா? என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். படபடப்பு, மயக்கம் எல்லாம் பெரும்பாலும் ஒவ்வாமை இல்லை. லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை அரிது.
- வலிப்பு, ஆஸ்துமா, இதயத் துடிப்புக் கோளாறு, கல்லீரல் நோய் இருக்கிறதா?
- கர்ப்பமாக இருக்கிறீர்களா, அல்லது இருக்க வாய்ப்பு உண்டா?
- ரத்தம் உறையாமல் இருக்க, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு என்று என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.
- பல் செட், ஆடும் பல் இருக்கிறதா?
- கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்?

கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. எனக்குத் தரப்போவது எந்த வகை மயக்கம்? ஸ்பிரேயும் அடிப்பீர்களா? மயக்கம் கொடுப்பவர் யார், என்னைக் கண்காணிப்பவர் யார்? மயக்கம் இல்லாமல் செய்ய முடியுமா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இவற்றைக் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்கத் தேவையில்லை.

முடிந்த பிறகு அந்த ஒரு மணி நேரம்

பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் நம் வீடுகளில் முதலில் செய்வது என்ன? "பாவம், காலையிலேர்ந்து வெறும் வயிறு" என்று உடன் வந்தவர் கையில் சூடான காபியோடு நிற்பார். அங்கேதான் தவறு நடக்கிறது. தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் புரை ஏறலாம். சூடும் தெரியாமல் வாய் வெந்துபோகலாம்.

செவிலியர் சொல்லும் நேரம் வரை, பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, எதுவும் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது. பிறகு நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, சாதாரணத் தண்ணீரை ஒரு மடக்கு மட்டும் குடித்துப் பாருங்கள். இருமல் வராமல், விழுங்குவது வழக்கம்போல் தெரிந்தால் அடுத்த மடக்கு. அதன் பிறகு மிதமான சூட்டில் கஞ்சி, இட்லி போன்றவை. இருமல் வந்தால் நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

மயக்க ஊசி போட்டிருந்தால் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். தெளிவாகப் பேசுகிறார் என்பதாலேயே மருந்து முழுமையாக இறங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியப் பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது, மது அருந்தக் கூடாது. வீட்டுக்கு அழைத்துப்போக ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். டாக்டர் சொல்லும் முடிவையும் அவர் உடனிருந்து கேட்பது நல்லது. நோயாளிக்கு மறந்துபோகலாம்.

ஒன்றிரண்டு நாள் தொண்டைக் கரகரப்பும், கொஞ்சம் வயிற்று உப்புசமும் வழக்கமானவைதான். ஆனால் காய்ச்சல், மூச்சுத் திணறல், நிற்காத இருமல், நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலி, கழுத்தில் வீக்கம், ரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தச்சோகை, கறுத்த மலம், தொடர் வாந்தி போன்ற அறிகுறிகளுக்காக எண்டோஸ்கோபி எழுதப்பட்டிருந்தால், தொண்டைப் பயத்துக்காக அதைத் தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. பயம் இருந்தால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்பிரே மட்டுமா, ஊசி மட்டுமா, இரண்டுமா என்பதை உங்கள் உடல்நிலையைப் பார்த்து அவர் முடிவு செய்ய அதுவும் உதவும்.